ப.எண், பு.எண்

கடலூர் முதுநகர், விடியாத மூன்று மணி.
ஐஸ் கம்பெனி ஆபீஸில்
ஒரு திரை மட்டும் கறுப்பாக விழித்திருந்தது.
அதில் இரண்டே வரி:
இந்தக் கோப்பமைப்பு தெரியாது என்று ஒன்று,
கிரப் ரெஸ்க்யூ என்று மற்றொன்று.
பக்கத்தில் துடிக்கும் சின்னக் கோடு,
சொல்லு, சொல்லு என்பதுபோல்.

நேற்று மாலைதான் புது டிஸ்க் போட்டேன்.
பாண்டிச்சேரியிலிருந்து பஸ்ஸில்
மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்தது.
பழையதில் இடமில்லை;
ஏழு வருஷத்து ஐஸ் சீட்டுகளும்
வாசல் கேமரா படம்பிடித்த நாய்களும்
நிரம்பிவிட்டன.
மூடியைக் கழற்றி, தூசி ஊதி,
கைக்கு அகப்பட்ட கேபிளில் சொருகி,
நாலு திருகில் மூன்றை முடுக்கினேன்.
நாலாவது மேஜைக்கடியில் எங்கேயோ.
இரண்டு மணிநேரம் அந்தத் திருகைத்தான்
சந்தேகப்பட்டேன்.

உப்பனாற்றில் படகுகள் இருமத் தொடங்கியிருந்தன.
ஐஸ் ஏற்ற வந்த ஆதிமூலம்
ஜன்னல் கம்பியில் முகம் வைத்து,
"கம்ப்யூட்டர் செத்துப்போச்சா மேடம்?
அப்போ பாக்கியும்…" என்றார்.
நாற்பத்திரண்டு பார் பாக்கி அவருக்கு.
குரலில் துக்கம் இருந்தது.
கண்ணில் இல்லை.

சாகலை. உள்ளே வந்து டார்ச்சைப் பிடிங்க.

எல்.எஸ். அடித்தேன்.
பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று
மூன்று டிஸ்க்கும் வந்து நின்றன.
பூஜ்யத்துக்குள் ஒரு பிரிவு.
இரண்டுக்குள் ஒரு பிரிவு.
ஒன்றுக்குள் ஒன்றுமில்லை.
சுண்ணாம்பு காயாத காலி வீடு.

அப்போதுதான் எங்கள் தெரு ஞாபகம் வந்தது.
கதவெண் மாற்றிய வருஷம்.
ப.எண் ஒன்பது, பு.எண் பதினேழு.
என் எல்.ஐ.சி. கடிதம்
புது ஒன்பதான மாவு மில்லுக்குப் போய்
மூன்று மாதம் தவிட்டில் கிடந்தது.
நான் எங்கும் போகவில்லை.
தபால்காரர் மேலும் பிழையில்லை.
எண்தான் நகர்ந்திருந்தது.

இதுவும் அப்படித்தான்.
ஒன்றாம் வீட்டில் போய் எழுப்பு என்று
என்றோ யாரோ எழுதிக்கொடுத்த சீட்டோடு
காலி வீட்டின் கதவைத்
தட்டிக்கொண்டே இருக்கிறது.
யாரோ என்ன யாரோ,
நான்தான் எழுதிக்கொடுத்தேன்.

இரண்டைத் திறந்தேன்.
பூட், ஈ.டி.சி., ஹோம்.
அத்தனையும் அங்கேயே,
பாய்கூடச் சுருட்டாமல்.

செட் ப்ரிஃபிக்ஸ், சமக்குறி, அடைப்பு, எச்.டி. இரண்டு…
என் போனைப் பார்த்து
ஆதிமூலம் எழுத்தெழுத்தாகச் சொன்னார்.
எட்டாம் வகுப்போடு நின்ற இங்கிலீஷ்.
கமாவை வால் என்றார்.
நான் வாலை விட்டு அடித்தபோது
அவர்தான் பிடித்தார்.
இன்ஸ்மாட் நார்மல்.
நார்மல்.

நார்மல் என்று கேட்டால்
நார்மல் வருகிற இடம்
உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

பின்கட்டில் கிரஷர் ஐஸைக் கடிக்க,
திரையில் வரிகள் மளமளவென்று இறங்கின.
கணக்கு திறந்தது.
"நம்ம பேரைப் பாருங்க" என்றார்.
நாற்பத்திரண்டு.
"திங்கக்கிழமை ரெண்டு பார் திருப்பிக் குடுத்தேனே?"
தேடினேன். கழித்துத்தான் இருந்தேன்,
சோனாங்குப்பத்து ஆதிமூலத்துக்கு.
இவர் சிங்காரத்தோப்பு.

அவர் எதுவும் சொல்லவில்லை.
டார்ச்சை அணைத்தார்.

படகு போன பிறகு கிரப்பை மறுபடி நிறுவினேன்.
எஃப்ஸ்டாபில் எண்களை அடித்துவிட்டு
ஒவ்வொரு டிஸ்க்கும் பிறந்தபோதே பெற்ற
முப்பத்திரண்டு எழுத்துப் பெயரை,
எந்தக் கேபிளில் மாட்டினாலும் மாறாததை,
ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினேன்.
பிறகு கணக்கில்
ஆதிமூலம், த/பெ வீரராகவன், சிங்காரத்தோப்பு.
நாற்பது பார்.

திருகு இன்னும் கிடைக்கவில்லை.